துபாய் ஹவுஸ்வைவ்ஸ் ஏன் இரண்டே சீசனில் படுத்துவிட்டது?

#1 தாழம்பூ

கணுக்காலில் மாவுக்கட்டு. மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தப் புண்ணியத்தில் ரியல் ஹவுஸ்வைவ்ஸ் ஆஃப் துபாய் இரண்டு சீசனையும் பார்த்து முடித்தேன். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

தெரியாதவர்களுக்கு: ஓரிடத்தில் வாழும் பணக்காரப் பெண்கள் ஐந்தாறு பேரைப் பிடித்து, விருந்து, பயணம், சண்டை என்று கேமராவோடு பின்தொடரும் அமெரிக்க ரியாலிட்டி ஷோ இது. 2006இல் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் தொடங்கி நியூயார்க், அட்லாண்டா, நியூ ஜெர்சி, பெவர்லி ஹில்ஸ் என்று ஊர் ஊராகப் பரவியது. மெல்பர்ன், ஜோகன்னஸ்பர்க், லாகோஸிலும் வந்திருக்கிறது, ஆனால் அவை உள்ளூர்க்காரர்கள் உரிமம் வாங்கி எடுத்தவை. அமெரிக்காவுக்கு வெளியே பிராவோ சேனலே நேரடியாக எடுத்த முதல் நிகழ்ச்சி துபாய்தான். 2022 ஜூனில் முதல் சீசன், 2024 ஜூனில் இரண்டாவது. அதே நவம்பரில் "இப்போதைக்கு நிறுத்தி வைக்கிறோம்" என்றார்கள்.

என் கேள்வி இதுதான். ஆரஞ்சு கவுண்டியில் என்ன இருக்கிறது? வேலி போட்ட குடியிருப்பும் நீச்சல் குளமும்தானே! அது இருபது வருடமாக ஓடுகிறது. துபாயில் ஒட்டகம் முதல் ஹெலிகாப்டர் வரை எல்லாம் இருக்கிறது, இரண்டு சீசன் தாண்டவில்லை. 

எனக்குத் தோன்றுவது, அது வாய்விட்டுத் திட்ட முடியாத ஊர். 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த சைபர் குற்றச் சட்டத்தில், ஆன்லைனில் ஒருவரை அவமதித்தாலே இரண்டரை லட்சம் திர்ஹாமிலிருந்து ஐந்து லட்சம் வரை அபராதம். அப்படிப்பட்ட இடத்தில் சண்டையை நம்பிப் பிழைக்கும் நிகழ்ச்சி எப்படி ஓடும்?

#2 பீரோ சாவி

திட்டவில்லையா? அக்கா, மாத்திரை போட்டுக்கொண்டு பார்த்தீர்களா? ஷனெல் அயானும் கேரோலைன் ஸ்டான்பரியும் முதல் சீசன் முழுக்க ஒருவரையொருவர் வறுத்தெடுத்தார்கள். குடியும் இருந்தது, கூச்சலும் இருந்தது. சட்டம் காகிதத்தில் இருக்கலாம், கேமரா முன்னால் யாரும் அதற்குப் பயந்ததாகத் தெரியவில்லை. வேறு காரணம் தேடுங்கள்.

#3 தாழம்பூ

சரி, ஒப்புக்கொள்கிறேன். திட்டினார்கள். ஆனால் எதைப் பற்றித் திட்டினார்கள்? யார் யாரை விருந்துக்குக் கூப்பிடவில்லை, யார் யாருடைய முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். மற்ற ஊர்களில் "உன் வீடு ஜப்திக்கு வந்துவிட்டதாமே" என்று மேஜையிலேயே கேட்பார்கள். இங்கே பணத்தைப் பற்றி ஒரு சந்தேகமும் எழவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன், சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ போய்விட்டேன்.

#4 ஸ்காபரோ சித்தி

தாழம்பூ பிள்ளை இப்போதுதான் விஷயத்துக்கு வந்திருக்கிறார். நான் இந்த நிகழ்ச்சிகளைப் பதினைந்து வருசத்துக்கு மேலாகப் பார்க்கிறேன். பனிக்காலத்தில் கனடாவில் மனிசருக்கு வேறு என்ன வேலை?

இந்த நிகழ்ச்சியின் உயிர் காசு அல்ல, காட்டுகிற காசுக்கும் கையில் இருக்கிற காசுக்கும் நடுவிலுள்ள தூரம். நியூ ஜெர்சி தெரசா ஜூடிச்சேயைப் பாருங்கள். 2009இல் முதல் சீசனிலேயே தளபாடக் கடையில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் ரொக்கமாக எண்ணிக் கொடுத்தார். கடைசி எபிசோடில் சாப்பாட்டு மேசையைத் தள்ளிக் கவிழ்த்தார், உலகம் முழுக்க அந்தக் காட்சி ஓடியது. அந்த வருசம் முடிய முன்னமே கணவனும் மனைவியும் திவால் மனு போட்டார்கள். மனுவில் உண்மையை மறைத்தது, வங்கியை ஏமாற்றியது என்று வழக்காகி 2015இல் கிட்டத்தட்ட ஒரு வருசம் தெரசா சிறையில். கணவருக்கு 41 மாதம், அதன் பிறகு இத்தாலிக்கு நாடு கடத்தல். இவ்வளவும் நாங்கள் சோபாவில் இருந்து பார்த்தது. எழுதி வைத்து எடுத்தால் கூட இப்படி வராது.

அப்புறம் சால்ட் லேக் சிட்டி ஜென் ஷா. 2021 மார்ச்சில் எல்லாரும் சுற்றுலாவுக்குப் பஸ்ஸில் ஏறியாச்சு. அவருக்கு ஒரு போன் வருகிறது, "கணவருக்கு உடம்பு சரியில்லை" என்று இறங்கிப் போகிறார். கொஞ்ச நேரத்தில் வாகனத் தரிப்பிடம் முழுக்கப் பொலிஸ். வயதானவர்களைத் தொலைபேசி வழியாக ஏமாற்றிய வழக்கு. ஆறரை வருசம் தண்டனை கிடைத்தது.

துபாயில் இப்படி ஒன்றாவது நடந்ததா? அதுதான் எனக்கு இரண்டாம் சீசனில் நித்திரை வந்தது.

#5 பழைய பேப்பர்

ஸ்காபரோ அம்மா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையில் நம் நாட்டுப் பிரதமர் சம்பந்தப்பட்ட ஒரு கூத்து உண்டு, பலருக்குத் தெரியாது.

2009 நவம்பர் 24. ஒபாமா பதவிக்கு வந்தபின் வெள்ளை மாளிகையில் கொடுத்த முதல் அரசு விருந்து, மன்மோகன் சிங்குக்காக. அழைப்பே இல்லாமல் ஒரு தம்பதி உள்ளே போய்விட்டார்கள். மிஷேல் சலாஹி, தாரிக் சலாஹி. அந்த அம்மாள் சிவப்பு லெஹங்கா கட்டிக்கொண்டு, ஒபாமாவிடம் கைகுலுக்கிப் படமும் எடுத்துக்கொண்டார். அன்று மதியம் அவர் அழகு நிலையத்தில் அலங்காரம் செய்துகொண்டதைப் பிராவோ கேமரா படம் பிடித்துக்கொண்டிருந்தது! வாஷிங்டன் ஹவுஸ்வைவ்ஸுக்கான படப்பிடிப்பு. நாடாளுமன்றக் குழு விசாரணை வரை போனது. வெள்ளை மாளிகையின் விருந்துப் பொறுப்பில் இருந்த பெண்மணி சில மாதங்களில் பதவி விலகினார். அந்த நிகழ்ச்சியும் 2010இல் ஒரே சீசனோடு சரி.

ஆகவே பரபரப்பு அதிகமானாலும் படுக்கும், குறைந்தாலும் படுக்கும்.

#6 பீரோ சாவி

லெஹங்காவுக்கும் துபாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நினைத்தேன். ஆனால் கதை நன்றாக இருந்ததால் விட்டுவிடுகிறேன்.

#7 கராமா கண்ணன்

நான் துபாயில் பதினொரு வருடம் ஏசி பராமரிப்பு வேலையில் இருந்தவன். பாம் ஜுமைராவிலும் எமிரேட்ஸ் ஹில்ஸிலும் நான் ஏறாத மொட்டை மாடி குறைவு. நிகழ்ச்சியை என் மனைவி பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், வீடுகளை அடையாளம் கண்டுபிடிக்க.

சித்தி கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில்: துபாயில் கடன்காரன் கேமரா முன்னால் விழுவதில்லை. விழுவதற்குள் ஊரை விட்டே போய்விடுவான்.

அங்கே வீட்டு வாடகை செக்கில்தான். வருட வாடகையை, பின்னால் வரும் தேதிகள் போட்ட செக்குகளாக மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும். நாலு செக், இரண்டு செக், ஒரு செக். விளம்பரத்திலேயே எத்தனை செக் என்று போட்டிருப்பார்கள். ஒரே செக்கில் கொடுப்பவனுக்குக் கொஞ்சம் தள்ளுபடியும் கிடைக்கும், மரியாதையும் கிடைக்கும். அந்த செக் திரும்பி வந்தால்? 2022 ஜனவரியில் சட்டத்தைத் தளர்த்தும் வரை அது கிரிமினல் குற்றம். பணம் இல்லாத செக் கொடுத்தவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள், பயணத் தடை விழுந்தது. 2009 நெருக்கடியில் துபாய் அரசின் துபாய் வேர்ல்டு நிறுவனமே கடனைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டு, அபுதாபி 1000 கோடி டாலர் கொடுத்துக் கைதூக்கிவிட்டது. தனி ஆளுக்கு அப்படி யார் கொடுப்பார்கள்? அந்தச் சமயத்தில் ஏர்போர்ட்டில் காரை விட்டுவிட்டு விமானம் ஏறியவர்கள் கதை ஊரறிந்தது.

இன்னொன்று விசா. வேலை போனால் விசா போகும். நிறுவனம் மூடினால் விசா போகும். 2019இல் நீண்டகாலம் தங்கவிடும் கோல்டன் விசா வந்தபிறகு பணக்காரர்களுக்கு அந்தக் கவலை குறைந்தது. ஆனாலும் தொண்ணூறு சதவீதம் பேர் வெளிநாட்டவராக இருக்கும் நாட்டில், "நான் நொடித்துப்போனேன்" என்று யாரும் டிவியில் சொல்ல மாட்டார்கள். நொடித்துப்போனவனுக்கு அங்கே ஊர் கிடையாது. தெரசா ஜெயிலிலிருந்து திரும்பி வந்து நியூ ஜெர்சியில் அதே நிகழ்ச்சியில் உட்கார்ந்தார், இல்லையா? அமெரிக்கக் குடிமகள், அவரை யார் போகச் சொல்வது? கணவருக்குக் குடியுரிமை இல்லை, அனுப்பிவிட்டார்கள். துபாயில் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்தக் கணவரின் நிலையில்தான் இருக்கிறார்கள்.

#8 தாழம்பூ

கண்ணன் அண்ணா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். ஒரே ஒரு உள்ளூர்க்காரரைத்தான் முதல் சீசனில் போட்டார்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது. சாரா அல் மதானி. பதினைந்து வயதிலேயே ஆடை வடிவமைப்புத் தொழில் தொடங்கியவர். மற்றவர்கள்? ஸ்டான்பரி லண்டன். லீசா மிலான் ஜமைக்கா. அயான் கென்யா. கேரோலைன் புரூக்ஸ் அமெரிக்கா. நினா அலி லெபனானில் பிறந்து டெக்சாஸில் வளர்ந்தவர். மாவே இல்லாமல் பழங்களை கேக் மாதிரி அடுக்கி விற்கும் தொழில் அவருக்கு (அதற்கு அவர் சொல்லும் விளக்கத்தைக் கேட்டால் நமக்கே பசி போய்விடும்). இரண்டாம் சீசனில் நினா போய், தலீன் மரீ வந்தார். எல்லோரும் வந்தவர்கள். ஆனால் எப்படி வந்தார்கள், எப்போது போக வேண்டியிருக்கும் என்று ஒருவரும் பேசவில்லை.

#9 ரிமோட் ராணி

துபாய் பிளிங் பார்த்தவர்கள் யாரும் இல்லையா? அதே ஊர், அதே 2022, நெட்ஃபிளிக்ஸில் மூன்றாம் சீசன் வரை வந்துவிட்டது. ஆண்களும் உண்டு. பாதி அரபி, பாதி ஆங்கிலம். வீட்டில் எப்படிப் பேசுவார்களோ அப்படியே கலந்து பேசுகிறார்கள். இந்தியாவில் பிறந்த ஃபர்ஹானா போதி கூட அதில் இருக்கிறார். அரபு நாட்டு ரசிகர்களும் பார்த்தார்கள். பிராவோ எடுத்தது அமெரிக்காவில் உட்கார்ந்திருப்பவருக்கு "இதோ பாலைவனம், இதோ தங்கம்" என்று காட்டும் சுற்றுலாப் படம். என்னைக் கேட்டால் காரணம் அவ்வளவுதான், செக்கும் இல்லை விசாவும் இல்லை.

#10 பீரோ சாவி

ரிமோட் ராணி சொல்வதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுற்றுலாப் படம் என்று முழுசாக ஒதுக்க முடியாது. அயான், ஐந்து வயதில் தன் பிறப்புறுப்பு சிதைக்கப்பட்ட கதையைச் சொன்ன இடம் நினைவிருக்கிறதா? அதுவரைக்கும் கண்ணாடியும் விக்கும் வசனமுமாகக் கோமாளித்தனம் செய்துகொண்டிருந்த பெண். குடும்பத்துப் பெரியவர்களே கூட்டிக்கொண்டு போன கதை. நான் நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். இந்த வரிசையில் ஒரு எபிசோடைப் பாதியில் நிறுத்தியது அன்று மட்டும்தான்.

அதன்பிறகு அடுத்த காட்சியில் மறுபடியும் விருந்து. எடிட்டிங் செய்தவரைக் குறை சொல்லத் தெரியவில்லை, வேறு என்ன செய்வார்?

#11 கராமா கண்ணன்

நிகழ்ச்சியில் நான் தேடிக்கொண்டே இருந்த ஒரு ஆளைக் காட்டவே இல்லை. வீட்டு வேலைக்காரப் பெண். பின்னால் தட்டோடு ஒரு நொடி போவார், அவ்வளவுதான்.

அங்கே ஃபிளாட் விளம்பரத்தில் "மூன்று படுக்கையறை பிளஸ் மெய்ட் ரூம்" என்று போடுவார்கள். அந்த மெய்ட் ரூமில் ஏசி பார்க்க நான் போயிருக்கிறேன். சமையலறைக்குப் பின்னால், வாஷிங் மெஷின் பக்கத்தில். பல வீடுகளில் ஜன்னல் இருக்காது. கட்டில் போட்டால் கதவு முழுசாகத் திறக்காது. சுவரில் பிள்ளைகளின் போட்டோ ஒட்டியிருக்கும், மணிலாவோ மட்டக்களப்போ. ஒரு வீட்டில் வரவேற்பறை ஏசியில் சத்தம் வருகிறது என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள். மெய்ட் ரூமில் ஏசியே ஓடவில்லை, அதை அந்தப் பெண்தான் என்னிடம் ரகசியமாகச் சொன்னார். சரி செய்துவிட்டு வந்தேன், பில்லில் எழுதவில்லை.

வீட்டுப் பணியாளர்களுக்கென்று தனிச் சட்டம் 2017இல்தான் வந்தது. வாரம் ஒரு நாள் விடுமுறை, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேர ஓய்வு என்று எழுதியிருக்கிறது.

#12 ஸ்காபரோ சித்தி

தம்பி கண்ணன், மட்டக்களப்பு என்று எழுதினீர்கள். எங்கட ஊரில் ஒழுங்கைக்கு ஒரு வீடாவது அப்படித்தான். தாய் குவைத்திலோ துபாயிலோ, பிள்ளைகள் அம்மம்மாவோடு. என் தங்கச்சியின் பள்ளித் தோழி ஒருத்தி மகளின் சாமத்தியவீட்டை (பூப்பு நீராட்டு விழாவை) போனில் பார்த்தாள். இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

#13 பழைய பேப்பர்

முதல் சீசன் வந்த நேரத்தில் மனித உரிமை அமைப்புகள் பல சேர்ந்து பிராவோ தரப்புக்குக் கடிதம் எழுதின. அமீரகத்தின் மறுபக்கத்தை மறைத்துப் பளபளப்பாகக் காட்டாதீர்கள் என்று. நிகழ்ச்சி தன் பாட்டுக்கு ஓடியது.

லண்டனையும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதே ஸ்டான்பரி 2014 முதல் மூன்று சீசன் லேடீஸ் ஆஃப் லண்டன் என்ற பிராவோ நிகழ்ச்சியில் இருந்தார். அதில் அமெரிக்காவிலிருந்து லண்டன் வந்த பெண்கள், உள்ளூர் மேட்டுக்குடிப் பெண்கள் என்று இரண்டு கட்சி. சாண்ட்விச் பிரபுக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட ஜூலி மாண்டேகு என்ற அமெரிக்கப் பெண், மாப்பர்டன் என்ற பழைய மாளிகையைப் பராமரிக்கப் பணம் போதாமல் திண்டாடுவதை மறைக்கவே இல்லை. ஆமாம், நாம் தின்கிற சாண்ட்விச்சுக்குப் பெயர் கொடுத்த அதே குடும்பம்தான். ஸ்டான்பரியின் பரிசுப்பொருள் நிறுவனம் அந்த நிகழ்ச்சி ஓடும்போதே மூடப்பட்டது. அவர் அழுததையும் காட்டினார்கள். நோயல் ரீனோ என்பவரின் துணைவர் ஸ்காட் யங், ஒரு காலத்தில் பெரும் பணக்காரர். விவாகரத்து வழக்கில் "என்னிடம் ஒன்றும் இல்லை" என்று சொல்லி, சொத்துக் கணக்கைக் காட்டாததற்காகச் சிறைக்கும் போனவர். முதல் சீசன் வந்த அதே 2014 டிசம்பரில் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்துபோனார்.

அந்த ஸ்டான்பரியே துபாய்க்கு வந்தபின் என்ன ஆனார்? ஏறத்தாழ இருபது வயது இளைய முன்னாள் கால்பந்து வீரரோடு கல்யாணம், மாளிகை, பாட்காஸ்ட். தொழில் மூடிய அன்று அழுத பெண்ணைத்தான் எனக்குப் பிடித்திருந்தது. ஆள் மாறவில்லை, ஊர் மாறியது. கண்ணன் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

#14 ரிமோட் ராணி

சரி, செக் கட்சிக்கு ஒரு புள்ளி கொடுக்கிறேன்.

#15 கீழக்கரைக்காரி

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எழுத வேண்டும் போலிருக்கிறது.

என் வாப்பா, மாமா, கணவர், கொழுந்தன் எல்லோரும் துபாய். நான் தேராவில் ஒன்பது வருடம் இருந்தேன். எம்.எஸ்ஸி. கணிதம் படித்துவிட்டுப் போனவள். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிக் கொடுத்தார்கள். தொழில் என்ற இடத்தில் "ஹவுஸ்வைஃப்" என்று அச்சடித்து, பக்கத்தில் வேலை செய்ய அனுமதி இல்லை என்றும் போட்டிருந்தது. ஸ்பான்சர் என்ற இடத்தில் கணவர் பெயர். அந்த ஊரில் சட்டப்படியான ஹவுஸ்வைஃப் நாங்கள்தான் என்று இந்த நிகழ்ச்சியின் பெயரைக் கேட்டபோது சிரிப்பு வந்தது.

அந்த விசாவில் இருக்கும் பெண்ணுக்கு எது பயம் என்று சொல்கிறேன். கணவருக்கு வேலை போவது ஒன்று. இன்னொன்று, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால். அப்போதெல்லாம் இத்தாவில் (கணவர் இறந்தபின் மனைவி இருக்க வேண்டிய காத்திருப்புக் காலத்தில்) இருக்கும்போதே பெட்டி கட்ட வேண்டிய நிலை. கணவனை இழந்தவர்களும் விவாகரத்தானவர்களும் ஸ்பான்சர் இல்லாமல் ஒரு வருடம் தங்கலாம் என்ற விதி 2018இல்தான் வந்தது. எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருந்த அக்காவுக்கு அது உதவவில்லை, அவர் அதற்கு முன்பே போய்விட்டார். நாற்பது நாளில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டு செக், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கிளம்பினார். நாங்கள் பிரியாணி டேக்சாவை வாங்கிக்கொண்டோம், விலை பேசாமல்.

நிகழ்ச்சியில் இந்தப் பெண்கள் சொந்தமாகத் தொழில் வைத்திருக்கிறார்கள், சொந்த விசா இருக்கலாம். ஆனால் கணவர் இல்லாவிட்டால் இங்கே எத்தனை நாள் இருக்க முடியும் என்ற கேள்வி அந்த ஊரில் எல்லாப் பெண்கள் தலையிலும் ஒரு தடவையாவது வந்துபோயிருக்கும். அதை ஒருத்தியாவது மேஜையில் வைத்துக் கேட்டிருந்தால் நான் மூன்றாம் சீசனும் பார்த்திருப்பேன்.

#16 தாழம்பூ

அக்கா, இழையைத் தொடங்கியது நான், பதில் சொன்னது நீங்கள். அந்த விசா ஒட்டிய பாஸ்போர்ட் இன்னும் வைத்திருக்கிறீர்களா?

#17 கீழக்கரைக்காரி

இருக்கிறது. 2022 ஏப்ரலோடு பாஸ்போர்ட்டில் ஒட்டுவதையே நிறுத்திவிட்டார்கள், இப்போது எல்லாம் அடையாள அட்டையில்தான். இந்த நிகழ்ச்சி வந்தது ஜூனில்!

மகள் போன மாதம் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "உம்மா, இது என்ன வேலை?" என்று கேட்டாள். இப்போது அவள் அங்கேதான் ஒரு வங்கியில் இருக்கிறாள், சொந்த விசாவில். அடுத்த மாதம் என்னை விசிட்டில் கூப்பிட்டிருக்கிறாள். இந்தத் தடவை ஸ்பான்சர் அவள்.

#18 ஸ்காபரோ சித்தி

போனால் அந்தப் பழக் கேக்கை வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்து எழுதுங்கோ. மாவில்லாத கேக் எப்படி இருக்கும் என்று எனக்கு 2022இலிருந்து சந்தேகம்.